கடையைக் கட்டுகிறவள்

என் மருமகள் என் கடையைக் கட்டப் பார்க்கிறாள் என்பது எனக்கு மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது தெரிந்தது. கிரைண்டர் சத்தத்தில் எனக்குக் காது கேட்காது என்று நினைத்து, அவள் பின்பக்கம் துணி காயப்போட்டபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கிரைண்டரை நிறுத்தினேன். அவள் பேச்சை நிறுத்தவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள கடையைக் கட்டி முடிச்சிடணும்டி. ஆமா, அத்தை கடைதான். அவங்களுக்கு இன்னும் சொல்லல. முடிச்சிட்டே காட்டிக்கலாம்னு இருக்கேன்."

நான் மறுபடி கிரைண்டரைப் போட்டேன். கேட்டது கேட்டாயிற்று. நான் கேட்டேன் என்பது அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் கடையைக் கட்டுவது என்றால் மூட்டையை உள்ளே இழுத்து, தராசை எடுத்து வைத்து, ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்ச் சேருவது. சந்தை கலைகிற நேரத்தில் ஒருத்தரை ஒருத்தர் அப்படித்தான் கேட்டுக்கொள்வோம், "என்ன, கடையைக் கட்டியாச்சா?" என்று. யாவாரம் நொடித்துப் போனவனைப் பற்றியும் அதே வார்த்தைதான். அதைத்தான் அவள் சொன்னாள். அதற்கு ஒரு கெடுவும் வைத்திருந்தாள்.

கடை கடத்தூரில், சந்தைக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஒற்றை ஷட்டர். புளிதான் முக்கியம், கூட உளுந்து, கேழ்வரகு, மொச்சை, மிளகாய் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு மரம் குத்தகை எடுத்து, பழம் உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து, வெயில் பார்த்துக் காயவைத்து நான் சேர்த்த கடை அது. பத்திரம் என் பேரில் இருக்கிறது. பத்திரம் பதிந்த அன்றைக்குப் பதிவு ஆபீசில் ஒருத்தர் என் புடவையைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் அதை அவர் பக்கமே தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் பேரை எனக்கு எழுதத் தெரியும். இப்போது இதையும் அப்படித்தான், எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவசரம் இல்லை.

போனில் பேசியதைக் கேட்ட பிறகு அவள் செய்கிற ஒவ்வொன்றும் என் கண்ணில் பட ஆரம்பித்தது. அவள் கடைப்பக்கமே வராதவள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தடவை வந்து, புளி வாசத்துக்குத் தலை வலிக்கிறது என்று திரும்பிப் போனவள். அப்படிப்பட்டவள் திடீரென்று, "மத்தியானச் சோறு இனிமே நானே கொண்டாரேங்கத்தை" என்றாள். கொண்டும் வந்தாள். வந்தவள் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டையாகப் படம் பிடித்தாள். பிறகு ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்று கடைப் பலகையைப் பிடித்தாள். இடம் விற்றுத் தருகிற புரோக்கர்கள் இப்படித்தான் தள்ளி நின்று பிடிப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

"எதுக்குப் புள்ள மூட்டைக்கெல்லாம் போட்டோ?"

"சும்மாங்கத்தை. பாக்க நல்லா இருக்குது."

"மூட்டையில என்ன நல்லா இருக்குது. மூட்டை மூட்டையாட்டந்தான் இருக்குது."

அவள் சிரித்தாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சிரிக்கிறவர்களிடம் நான் சரக்கு வாங்குவதில்லை.

இன்னொரு நாள் வந்து, கொட்டைப்புளி அதிகமாகப் போகுமா, கொட்டை எடுத்தது அதிகமாகப் போகுமா என்று கேட்டாள். எந்தச் சரக்கு எவ்வளவு இருப்பு இருக்கும் என்று கேட்டாள். நான் இருக்கிறதில் பாதியைச் சொன்னேன். அதைப் போனில் குறித்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்து நடந்ததுதான் என்னைப் பூட்டு வாங்கவைத்தது. அன்றைக்கு எனக்கு உடம்புக்கு முடியாமல் கடையை மத்தியானம் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் அறைக்குள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று அவள் குரல் கேட்டது. போனில்தான்.

"புளி மொத்தமும் போயிடுச்சுடி. கொட்டைப்புளி, கொட்டை எடுத்தது, ரெண்டுமே இல்ல. உளுந்து மட்டும் நிக்குது."

பாதிச் சோற்றில் கை கழுவினேன். உச்சி வெயில். குடையைக்கூட எடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த யாரோ, "எங்க ஆயா ஓடற?" என்று கேட்டார், நான் நிற்கவில்லை. ஷட்டரைத் தூக்கினேன். எல்லாம் இருந்தது. மூட்டை மூட்டையாகக் கையை விட்டுப் பார்த்தேன். மேலே புளி இருந்து கீழே வேறு ஏதாவது இருக்குமோ என்று அடிவரைக்கும் விட்டுப் பார்த்தேன். புளிதான். உளுந்து மூட்டை மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். சரக்கு போகவில்லை. அதனால் என் மனசு ஆறிவிடவில்லை. போகப் போவதைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

நேராகப் பூட்டுக் கடைக்குப் போனேன். இருக்கிறதிலேயே பெரியதைக் கேட்டேன்.

"என்ன ஆயா, புளிக்கு இம்மாம் பெரிய பூட்டா?" என்றான் கடைக்காரன்.

"புளிக்கு இல்லடா. மனுசங்களுக்கு."

பழைய பூட்டுக்கு வீட்டில் இன்னொரு சாவி இருந்தது. அது இனி எதற்கும் ஆகாது. புதுச் சாவி இரண்டையும் நான் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

என் மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் வருவான், திங்கட்கிழமை விடியக் கிளம்பிவிடுவான். நான் பெற்ற பிள்ளை. அவனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. அந்தச் சனிக்கிழமை அவள் பால் வாங்கப் போன நேரம் பார்த்து, அவனுக்குச் சோறு போட்டபடி சொன்னேன்.

"உம் பொண்டாட்டி எங் கடையைக் கட்டப் பாக்கறாடா."

அவன் நிமிரவில்லை. "யாரும்மா சொன்னது உனக்கு?"

"எங் காதே சொல்லுச்சு."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "அவ ஏதோ கம்ப்யூட்டர் படிக்கிறா. அதுல பேசியிருப்பா. நீ ஒண்ணும் நெனச்சுக்காத." மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டான். மோர் இல்லாமல் என் பிள்ளை கை கழுவினதே கிடையாது. அது என் கண்ணில் பட்டது, ஆனால் உறைக்கவில்லை. என் சந்தேகம் அப்போது ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவள் வைத்த கெடு. நான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கடையைத் திறந்து, வாசலை மறித்த மாதிரி முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் வரைக்கும் யாரும் வரவில்லை. புளி வாங்குகிறவர்கள்தான் வந்தார்கள். அவர்களையும் மேலும் கீழும் பார்த்துத்தான் நிறுத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் சோற்றோடு வந்தாள். தோளில் லேப்டாப் பை. முகமெல்லாம் சந்தோசம்.

"கடையைக் கட்டி முடிச்சிட்டேங்கத்தை."

ஷட்டர் இழுக்கிற கம்பி என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"எங்க கட்டின? நான் இங்கதான் உக்காந்திருக்கேன். ஷட்டரு தூக்கித்தான் இருக்குது."

அவள் கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாசலில் தொங்குகிற புதுப் பூட்டைப் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் அப்படியே உளுந்து மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள், சிரித்து மாளவில்லை.

"ஐயோ அத்தை, நான் கட்டினது இந்தக் கடையை இல்லீங்க. அதாவது, இந்தக் கடையைத்தானுங்க. ஆனா மூடறதுக்கு இல்ல. வூடு கட்டறோமே, அந்த மாதிரி கட்டறது."

"எந்த எடத்துல?"

"எடம் வேண்டாமுங்க. இதுக்குள்ள." லேப்டாப்பைத் திறந்தாள்.

திறந்ததும் என் கடைப் பலகை தெரிந்தது. அதன் கீழே என் மூட்டைகள், வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு கட்டத்துக்குள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். கொட்டைப்புளி. கொட்டை எடுத்த புளி. மொச்சை. ஒவ்வொன்றின் அடியிலும் பச்சையாக ஒரு பொத்தான், அதில் 'கூடையில் போடு' என்று இருந்தது. அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன். திரை மூலையில் ஒன்று என்று எண் வந்தது. நான் திரும்பி மூட்டையைப் பார்த்தேன். மூட்டை இருந்தபடி இருந்தது.

"கூடை எங்க?"

"அதுவும் இதுக்குள்ளதாங்க."

இணையத்தில் வீட்டிலிருந்தே ஒரு படிப்பு படிக்கிறாளாம், புரோகிராம் எழுதுகிற படிப்பு. படித்தவர்கள் எல்லோரும் கடைசியில் சொந்தமாக ஒன்று கட்டிக் காட்ட வேண்டுமாம். கூடப் படிக்கிற பெண்கள் செருப்புக் கடை, துணிக் கடை என்று கட்டுகிறார்களாம். போனில் பேசினது அதில் ஒருத்தியோடுதானாம். "செருப்பு எல்லாரும் கட்டறாங்க. புளிக்கடை நான் ஒருத்திதாங்கத்தை."

"அன்னைக்குப் புளி போயிடுச்சுன்ன?"

"அதைக் கேட்டீங்களா? நான் எழுதினதுல ஒரு தப்பு. சேத்து வச்ச எடத்துல இருந்து அழிஞ்சு போச்சு. மறுபடி உக்காந்து ஏத்தினேன்."

நான் வெயிலில் ஓடி வந்ததை அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

"சரி, யாரு வாங்கறாங்க?"

"யாரும் இல்லீங்க. பழகறதுக்குத்தான். நானே சென்னையில ஒரு ஆளு, பெங்களூருல ஒரு ஆளுன்னு பேரு போட்டு ஆர்டர் பண்ணிப் பாக்கறது."

"அந்த ஆளுங்க காசு யாருக்குக் குடுக்கறாங்க?"

"பொய்க் காசுங்கத்தை அது."

நான் மூடியை அழுத்தி மூடிவிட்டேன். "எங் கடைப் பேருல பொய்க் காசு வாங்கறயா? நாளைக்குப் போலீசு வந்தா எந்தக் கடைக்கு வரும்? உன் பொட்டிக்கா வரும்?"

அவள் எவ்வளவோ சொன்னாள். காசு என்று ஒன்று இல்லவே இல்லையாம், காசு வந்தால் எப்படி வரும் என்று பழகிப் பார்க்கிறதாம், எல்லோரும் அப்படித்தான் பழகுவார்களாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் பேரை எடுக்கச் சொன்னேன். சரிங்கத்தை என்று அங்கேயே உட்கார்ந்து தட்டினாள். கொஞ்ச நேரத்தில் பலகை போய்விட்டது. அந்த இடத்தில் 'சோதனைக் கடை' என்று வந்தது.

"சோதனையா? இருக்கற சோதனை பத்தாதுன்னு பேரு வேற வச்சுக் கூப்பிடறயா?"

"பரிச்சை பண்ணிப் பாக்கறதுங்கற அர்த்தத்துலங்க."

"எந்த அர்த்தமா இருந்தா என்ன, படிக்கறவனுக்கு வாய் ஒண்ணுதான். பழைய பேரையே போடு."

மறுபடி என் பலகை வந்தது. பலகை வந்ததும் அந்தக் கட்டங்களுக்கே ஒரு லட்சணம் வந்த மாதிரி இருந்தது. அதையும் அவளிடம் சொல்லவில்லை. "யாருமே வாங்காத கடையைக் கட்டி என்ன பண்ணப் போற?" என்று மட்டும் கேட்டேன்.

"வேலைக்குப் போறதுக்குங்க. இதைக் காட்டினாத்தான் இவளுக்குச் செய்யத் தெரியும்னு நம்புவாங்க."

பாதி நம்பினேன். மற்ற பாதியைக் கையில் வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவள் காலையிலேயே கடைக்கு வர ஆரம்பித்தாள். வீட்டைவிட அங்கே போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்றாள். கிடைக்கட்டும் என்று விட்டேன், கண் முன்னால் இருந்தால் எனக்கும் நல்லது. நான் புளி நிறுப்பேன், அவள் தட்டிக்கொண்டிருப்பாள். நடுநடுவே, "இப்ப பெங்களூருக்காரரு வாங்கிட்டாருங்கத்தை" என்பாள். "அவன் மூஞ்சி எனக்குத் தெரியாது, கடன் குடுக்காத" என்பேன்.

அப்படி ஒரு நாள் காலையில்தான் பைக்கில் ஒரு ஆள் வந்தார். பாலக்கோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறவராம். பைக்கை நிறுத்திவிட்டுச் சட்டைப்பையிலிருந்து அளக்கிற டேப்பை எடுத்தார்.

"நீங்க உக்காருங்க ஆயா, எழுந்திரிக்க வேண்டாம். நான் அளந்துக்கறேன்."

"எதை?"

"கடையைத்தாங்க. உங்க மவன் சொல்லியிருப்பாரே. இந்த மாசத்தோட கடையைக் கட்டறீங்கன்னு சொன்னாருங்க. வாடகை எல்லாம் பேசியாச்சு."

நான் முதலில் அவரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தேன். இத்தனை நாள் சந்தேகம் போன வழியிலேயே கண்ணும் போனது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கை தட்டுகிற இடத்திலேயே நின்றுவிட்டது. யாவாரத்தில் எத்தனையோ முகம் பார்த்தவள் நான். தெரிந்த முகம் அப்படி வெளுக்காது. அவளுக்குத் தெரியாது. அப்போதுதான் மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்தவன் ஞாபகத்துக்கு வந்தான். உன் கடையை ஏன் அவள் கட்டப் போகிறாள் என்று அவன் கேட்கவே இல்லை. யார் சொன்னது என்றுதான் கேட்டான்.

டேப்பின் ஒரு முனையை அவர் என் மிளகாய் மூட்டை பக்கம் சுவரில் வைத்துவிட்டார். அவள் எழுந்தாள்.

"ஏனுங்க, யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க. கடை நல்லா நடந்துட்டு இருக்குதுங்களே." லேப்டாப்பைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராக வைத்தாள். "இதப் பாருங்க. இது பெங்களூரு. இது சென்னை. இது ஓசூரு. எல்லாம் அத்தை புளிக்குத்தானுங்க. இன்னும் பெருசா ஒரு எடம் பாக்கலாம்னு பேசிட்டு இருக்கோம். உங்களுக்குத் தெரிஞ்ச எடம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். வெளியே தொங்குகிற பலகைதான் உள்ளேயும் இருந்தது. தன் கால் பக்கத்தில் கிடக்கிற மூட்டைதான் படத்திலும் இருந்தது. கீழே பேர் பேராக வரிசையாக நின்றது.

"இத்தனை பேரா வாங்கறாங்க?"

"மேல இருக்குதுங்களே, அது இன்னைக்குக் காலையில வந்தது."

அது பொய் இல்லை. காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் அதைப் போட்டாள்.

அவர் விரலை எடுத்ததும் டேப் சுர்ரென்று உள்ளே போய்விட்டது. "உங்க மவன் இதெல்லாம் ஒண்ணுமே சொல்லலீங்களே" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஓசூருல இருக்கறவனுக்கு இங்கத்த யாவாரம் எங்க தெரியும்" என்றேன்.

வெறுங்கையோடு இறங்கக் கூச்சமாக இருந்திருக்கும். வீட்டுக்குப் புளி வேண்டும் என்றார். "இது பெங்களூருக்குப் போற புளிதானுங்களா?" என்று முகர்ந்து பார்த்தார்.

"அதேதான். விலையில கொறைக்க மாட்டேன்."

அவர் பைக் சத்தம் அடங்கியது. அப்புறம் நான் கேட்டேன், "ஏம்புள்ள, இப்படியா வாய் கூசாமப் பொய் சொல்லுவ?"

"பொய்க் காசு கூடாதுன்னுதானுங்க சொன்னீங்க. பொய் ஆளைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே." சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. "அவரு வரட்டுங்கத்தை. நான் கேக்கறேன்."

"நீ கேக்காத. நானும் கேக்கல. வரட்டும்."

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆளை நேருக்கு நேர் நிற்கவைத்து இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்லத் தெரிந்தவள் இத்தனை நாள் என் வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதையும் நினைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை அவன் வந்தான். செல்போன் கடைக்காரர் போன் பண்ணியிருப்பார் என்பது அவன் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே தெரிந்தது. சாப்பிட உட்கார்ந்தான். அவள் பரிமாறினாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏம்மா, பெங்களூருக்கெல்லாம் புளி அனுப்பறியாமே. எனக்குச் சொல்லவே இல்ல."

கோபமாகக் கேட்கவில்லை. ஏமாந்தவன் மாதிரியும் இருந்தது, சந்தோசப்படுகிற மாதிரியும் இருந்தது. நம்பியிருந்தான். நான் அவளைப் பார்த்தேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே இருந்தாள், தட்டு நிறைந்து வழியப் போகிற வரைக்கும் ஊற்றினாள். அதெல்லாம் படிப்புக்குக் கட்டின கடைடா, அதில் ஒரு ஈ காக்கைகூட இல்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த வாரமே டேப் திரும்பி வரும். அவளும் அவனிடம் பொய்க்காரி ஆகிவிடுவாள்.

"எல்லாத்தையும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்யணுமா? நீ எங்கிட்ட சொல்லிட்டா செய்யற?"

அவன் சோற்றைப் பார்த்தபடியே, "உனக்கு முட்டி வலிக்குதுன்னுதாம்மா பேசினேன். எத்தனை நாளைக்கு மூட்டை இழுப்ப" என்றான்.

"முட்டி வலிச்சா உக்காந்துதான் விக்கறேன். அளக்க வந்தவன் எங்கிட்டயே புளி வாங்கிட்டுப் போனான், அதைச் சொன்னானா உங்கிட்ட?"

சொல்லவில்லை போலிருக்கிறது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். அன்றைக்கு மோர் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான். வாடகைப் பேச்சு அதோடு நின்றது. நின்றது என்றுதான் நினைக்கிறேன். அவன் இப்போது பேசாமல் இருந்தால் எதற்குப் பேசாமல் இருக்கிறான் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை அவன் பஸ் ஏறின கையோடு அவளைக் கடைக்கு வரச் சொன்னேன்.

"நெசமா ஒரே ஒரு ஆளுக்கு அனுப்பறதுன்னா என்ன பண்ணணும்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள், விளையாட்டுக்குக் கேட்கிறேனா என்று. பிறகு சொன்னாள். பேங்குக் கணக்கோடு சேர்க்க வேண்டும், சாப்பிடுகிற பொருள் என்பதால் லைசென்ஸ் வாங்க வேண்டும், கூரியர்காரரிடம் பேச வேண்டும், ஒழுகாமல் கட்டப் பை வேண்டும். "நான் கட்டினது பழகறதுக்குங்கத்தை. நெசக் கடைன்னா பாதியை மறுபடி எழுதணும். நாளாகும்."

"உம் புருசன் அடுத்த சனிக்கிழமை வந்துடுவான். எத்தனை மூட்டை போச்சுன்னு கேப்பான்."

அவள் லேப்டாப்பைத் திறந்தாள்.

"மொதல்ல அந்த ஆளுங்களை எல்லாம் வெளிய அனுப்பு" என்றேன். "ஒருத்தன் வந்தாலும் நெசமான ஆளா வரட்டும்."

அவள் ஒவ்வொரு பேராக அழித்தாள். நான் முக்காலியை இழுத்து, அந்தத் திரை எனக்கும் தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.